இன்டெல்லா, ஏஎம்டியா? கணினி மையக் கணக்கு

(மேற்குத் தாம்பரத்தில் மஃரிப் தொழுகைக்குப் பின் நடந்த கல்வி உதவிக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாத குடும்பங்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



 

சென்ற ரமலானில் கணினி மையத்திற்காக உங்களிடம் கை நீட்டினோம். கொடுத்தீர்கள். அல்லாஹ் உங்கள் பொருளில் பரக்கத் செய்வானாக. அந்தப் பணம் எங்கே போனது என்று சொல்ல வேண்டிய பொறுப்பு எங்களுக்கு உண்டு. வரவு செலவு விவரத்தை வாசலில் ஒட்டியிருக்கிறோம். ரூபாய்க் கணக்கை அங்கே நின்று நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கின் பின்னால் எங்கள் குழுவில் நடந்த ஒரு தகராறைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம். வீட்டுக்குக் கணினி வாங்க நினைக்கும் உங்களுக்கும் அது பயன்படும் என்று நினைக்கிறோம்.

குழுவில் ஏழு பேர். மூன்று முறை கூடினோம். மூன்று முறையும் ஒரே கேள்விதான்: இன்டெல்லா, ஏஎம்டியா? ஒரு பெரியவர், "ஜனங்க கொடுத்த காசு. இன்டெல் இல்லாம வேற எதையாவது வாங்கி நாளைக்கு நின்னு போச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார். குரோம்பேட்டையில் சிஸ்டம் சர்வீஸ் பார்க்கும் நம் தம்பி ஒருவர் அதே வேகத்தில், "இன்டெல் வாங்கினா ஸ்டிக்கருக்குக் காசு கொடுக்கிற மாதிரி. ஏஎம்டிதான் காசுக்கேத்த பொருள்" என்றார். இருவருமே சமூகத்தின் நன்மையை நினைத்துத்தான் பேசினார்கள். ஆனால் குரல் உயர்ந்த விதத்தைப் பார்த்தபோது, ஷாஃபி, ஹனஃபி என்று இரண்டு மத்ஹபு இருந்தும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிற நமக்கு இந்தப் புது மத்ஹபு எங்கிருந்து வந்தது என்று தோன்றியது.

இது நம் குழுவோடு நிற்கவில்லை. தமிழக அரசு இந்த 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவற்றில் இன்டெல் ஐ3 உள்ளவையும் உண்டு, ஏஎம்டி ரைசன் 3 உள்ளவையும் உண்டு. வாங்கி வந்த ஒரு பிள்ளை அலுவலகத்திற்கு வந்து, "பாய், எனக்கு ரைசன் வந்துடுச்சு. மாத்தித் தரச் சொல்ல முடியுமா?" என்று கேட்டான். என்னப்பா கோளாறு என்றோம். கோளாறு ஒன்றும் இல்லை. இன்னும் பெட்டியைப் பிரிக்கவே இல்லை!

பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை. பிராசஸர் என்பது கணினியின் மூளை. நம்மில் பலர் மேசைக்கடியில் இருக்கும் பெட்டி முழுவதையும் சிபியு என்கிறோம். உண்மையில் சிபியு என்பது அந்தப் பெட்டிக்குள் மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும், தீப்பெட்டியைப் போன்ற ஒரு சிறிய சில்லு. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் டெஸ்க்டாப் கணினிகளுக்கு அதைச் செய்து தருபவை பெரும்பாலும் இரண்டே அமெரிக்க நிறுவனங்கள்: இன்டெல், ஏஎம்டி. டெல், எச்பி, ஏசர் என்று வெளியே எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இவ்விரண்டில் ஒன்று இருக்கும்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் டியூஷன் வகுப்புக்காக எட்டு பழைய கணினிகள் வாங்கினோம். ஒரு கடைக்காரர், "எல்லாம் இன்டெல் ஐ5" என்றார். ஐ5 என்றதும் எங்களுக்கு மகிழ்ச்சி. இந்த விலைக்கு ஐ5-ஆ என்று உடனே கையெழுத்துப் போட்டோம். எந்த ஐ5 என்று கேட்கத் தோன்றவில்லை. வந்தவை ஐ5-2400. அந்த எண்ணில் முன்னால் நிற்கும் 2 என்பது இரண்டாம் தலைமுறை. 2011-ல் வெளிவந்த சரக்கு. ஐ5 என்று அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய பாதியை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. குவியலின் மேலே உலர்ந்த தானியமும் அடியில் நனைந்த தானியமும் வைத்திருந்த வியாபாரியின் சம்பவம் நம் மக்தப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். நாங்கள் மேலே தொட்டுப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

அதன் விலை பிறகு தெரிந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் இன்டெலில் எட்டாம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும் என்பது அவர்களின் விதி. எங்கள் எட்டும் அந்த வாசலிலேயே நின்றுவிட்டன. அவற்றைக் குப்பையில் போட மனம் வரவில்லை. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போட்டு, மக்தப் பிள்ளைகள் தட்டச்சு பழக வைத்திருக்கிறோம். இருந்தாலும் தந்தவர்கள் தந்தது கல்லூரி மாணவர்களுக்காக. அந்த நோக்கம் நிறைவேறவில்லை. இதை இந்த மேடையில் சொல்லாமல் அடுத்த கணக்கை வாசிக்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

இனி ஒரு குடும்பத்தின் கதை. பெயர் வேண்டாம், தெருவும் வேண்டாம். அத்தா ஆட்டோ ஓட்டுகிறார். மகன் பி.காம் படிக்கிறான். நண்பர்கள் சொன்னதைக் கேட்டு, "ஐ7-க்குக் கீழே எதுவும் வேஸ்ட், ஏஎம்டி சூடாகி எரிஞ்சிடும்" என்று வீட்டில் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறான். தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டும் சேர்த்து எண்பதாயிரத்துக்கு மேல். கையில் பணம் இல்லை. கடையிலேயே மாதத் தவணை போட்டுக் கொடுத்தார்கள். வட்டி எவ்வளவு என்று அந்தத் தாய்க்குச் சரியாகத் தெரியவில்லை. நான்காவது தவணையில் தடுக்கியது. கழுத்தில் கிடந்ததை அடகு வைத்துவிட்டு எங்களிடம் வந்தார்.

நாங்கள் அந்தப் பையனிடம் கோபப்படவில்லை. "என்னப்பா செய்யிற இந்தக் கம்ப்யூட்டர்ல?" என்று மட்டும் கேட்டோம். டேலி, எக்ஸெல், கொஞ்சம் யூடியூப். இதற்கு இன்டெல் ஐ3 போதும், ரைசன் 3 போதும். அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் ஐ7-க்கு மாதம் முப்பது நாளும் வேலையே இல்லை. பாதிக்கு மேற்பட்ட பணம் ஒரு எழுத்துக்கும் ஒரு எண்ணுக்கும் போயிருக்கிறது. அதன் மேல் வட்டி வேறு. தவணை பாக்கியை அறக்கட்டளையின் அழகிய கடன் நிதியிலிருந்து அடைத்தோம். அவர்கள் வட்டியில்லாமல் எங்களுக்குத் திருப்பித் தருகிறார்கள். நகை இன்னும் மீளவில்லை.

ஒரு நிறுவனத்தின் பெயர் எப்படி ஒரு வீட்டில் இவ்வளவு ஆட்டி வைக்கிறது? அதற்குக் கொஞ்சம் பழைய கதை பார்க்க வேண்டும். எங்களுக்கும் இதையெல்லாம் முன்பு தெரியாது. குழுவில் சண்டை முற்றியதால் உட்கார்ந்து படித்தோம்.

இவ்விரு நிறுவனங்களும் ஒரே வீட்டில் இருந்து வந்தவை. கலிஃபோர்னியாவில் ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் என்று ஒரு நிறுவனம். அதிலிருந்து ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் விலகி 1968-ல் இன்டெலைத் தொடங்கினார்கள். அதே இடத்தில் வேலை பார்த்த ஜெர்ரி சாண்டர்ஸும் உடன் சிலரும் அடுத்த ஆண்டே ஏஎம்டியைத் தொடங்கினார்கள். 1981-ல் ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தபோது இன்டெலின் 8088 சில்லைத் தேர்ந்தெடுத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது. ஒரே ஒரு நிறுவனத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது, இன்னொருவரும் அதே சில்லைச் செய்து தர வேண்டும் என்றது. அப்படித்தான் 1982-ல் இன்டெலின் சில்லை ஏஎம்டியும் செய்யும் ஒப்பந்தம் வந்தது. பாருங்கள், இன்டெலின் ஆகப் பெரிய வாடிக்கையாளரே இன்டெலை மட்டும் நம்பி உட்காரவில்லை. நாம் பிடிவாதமாக நிற்கிறோம்!

1991-ல் இன்டெல் "இன்டெல் இன்சைட்" என்ற விளம்பரத்தைத் தொடங்கியது. கணினி செய்யும் நிறுவனங்கள் தங்கள் விளம்பரத்தில் அந்த முத்திரையைப் போட்டால், விளம்பரச் செலவில் ஒரு பகுதியை இன்டெல் ஏற்றுக்கொண்டது. பெட்டிக்குள் கிடந்த, யாரும் கண்ணால் பார்க்காத ஒரு பாகத்தின் பெயர் உலகத்தின் வாயில் வந்தது இப்படித்தான். நம் ஊரிலும் ஒரு காலத்தில் "உங்க வீட்ல பென்டியம் த்ரீயா, ஃபோரா?" என்றுதான் கேட்டோம். கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்குப் பதிலாகவே பென்டியம் என்று சொன்னவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள்.

அந்தப் பென்டியத்திலேயே 1994-ல் ஒரு குறை வெளிப்பட்டது. தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் பகா எண்களை வைத்து ஆராய்ச்சி செய்தபோது விடைகள் இடித்தன. தேடிப் பார்த்தால் சில்லு வகுத்தலில் தப்பு செய்கிறது. 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும், அது 1.33373 என்றது. நூற்றில் ஒருவருக்குக்கூட இது தட்டுப்படாமல் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குறை இன்டெலுக்கு முன்பே தெரிந்திருந்தது, வெளியே சொல்லவில்லை. வெளிவந்த பிறகும், தங்கள் வேலைக்கு இது பாதிப்பு என்று நிரூபிப்பவர்களுக்கு மட்டும் மாற்றித் தருவோம் என்றது. ஜனங்கள் கொதித்தார்கள். ஐபிஎம் அந்தச் சில்லு போட்ட கணினிகளை அனுப்புவதையே நிறுத்தியது. கடைசியில் டிசம்பரில், கேட்பவர் எல்லோருக்கும் மாற்றித் தருகிறோம் என்று இறங்கி வந்தார்கள். அதற்காக அவர்கள் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். முதல் நாளே குறையைச் சொல்லியிருந்தால் இவ்வளவு அவமானமும் இல்லை.

அப்படியானால் ஏஎம்டி நல்லவர்களா? அந்தப் பக்கமும் கணக்கு இருக்கிறது. 2011-ல் புல்டோசர் என்ற வடிவமைப்பில் "எட்டு கோர்" என்று விளம்பரம் செய்து ஒரு வரிசையை விற்றார்கள். எதிர்பார்த்த வேகம் வரவில்லை. அவை உண்மையிலேயே எட்டு கோர்களா என்று அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டு, 2019-ல் 1.21 கோடி டாலருக்கு ஏஎம்டி சமரசம் செய்துகொண்டது. 2023-ல் ரைசன் 7000 வரிசையின் சில விலை உயர்ந்த சில்லுகள் மதர்போர்டோடு சேர்ந்து கருகின. மின் அழுத்தத்துக்கு வரம்பு வைத்து பயாஸ் அப்டேட் கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகச் சில்லுகள் பழுதாகத் தொடங்கின. அங்கும் மின் அழுத்தக் கோளாறுதான். இன்டெல் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியை இரண்டு ஆண்டுகள் கூட்டிக் கொடுத்தது.

வியாபாரத்தில் நடந்ததையும் ஒரு வரி சொல்ல வேண்டும். கணினி நிறுவனங்களுக்குத் தள்ளுபடிகள் கொடுத்து ஏஎம்டியை ஓரங்கட்டியதாக ஐரோப்பிய ஆணையம் 2009-ல் இன்டெலுக்கு 106 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதே ஆண்டு இன்டெல் 125 கோடி டாலர் கொடுத்து ஏஎம்டியோடு வழக்குகளை முடித்துக்கொண்டது. ஐரோப்பிய அபராதத்தை 2022-ல் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கின் ஒரு பகுதிக்கு மட்டும் 2023-ல் குறைந்த தொகையில் மறுபடி அபராதம் வந்தது. அதற்குள் நாம் நீதிபதியாக நுழைய வேண்டாம். இவ்வளவு பெரிய பணம் புரளும் சண்டையில் நம் பிள்ளைகள் சம்பளமில்லாத சிப்பாய்களாக நிற்கிறார்கள் என்பதுதான் எங்கள் வருத்தம்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. இன்றைய கணினிகள் 64 பிட்டில் ஓடுகின்றன. பழைய எக்ஸ்86 முறையை 64 பிட்டுக்கு நீட்டி 2003-ல் சந்தைக்குக் கொண்டு வந்தது ஏஎம்டி. மறு ஆண்டே இன்டெல் அதை எடுத்துக்கொண்டது. அந்த எக்ஸ்86 முறையோ இன்டெலின் பிள்ளை. ஆக, இன்டெல் பெட்டிக்குள் ஏஎம்டியின் யோசனை ஓடுகிறது. ஏஎம்டி பெட்டிக்குள் இன்டெலின் அடித்தளம் இருக்கிறது. சம்பந்தி வீடுகள் மாதிரி. வெளியே நின்று கம்பு சுற்றுவது நாம்தான்.

எங்கள் குழுவின் மனத்தை மாற்றியது இன்னொரு செய்தி. சாதாரண டெஸ்க்டாப்பில் இன்டெல் நான்கு கோர் கொடுக்கத் தொடங்கியது 2007-ல். அதன் பிறகு பத்து வருடம், 2017 தொடக்கம் வரைக்கும், சாதாரண ரகத்தின் உச்சியில் இருந்த ஐ7-க்கும் அதே நான்குதான். ஏஎம்டி விழுந்து கிடந்த காலம் அது. எதிரில் ஆள் இல்லை. 2017 மார்ச்சில் ரைசன் வந்து எட்டு கோர் கொடுத்தது. அந்த அக்டோபரிலேயே இன்டெலின் ஐ7 ஆறு கோருக்கு ஏறியது. இரண்டு கோரோடு விற்றுக்கொண்டிருந்த ஐ3 நான்கு கோர் ஆனது. இன்டெல் மட்டுமே வாங்குவேன் என்று இருக்கும் ஒருவர் இன்று நல்ல ஐ3 வாங்குகிறார் என்றால், அதில் ஏஎம்டி வாங்கியவர்களின் பங்கும் இருக்கிறது.

நம் பெரியவர்கள் முப்பது வருடம் ஒரே கடையில் அரிசி வாங்குவார்கள். அதற்கு அர்த்தம் உண்டு. அந்தக் கடைக்காரர் நம் முகம் அறிந்தவர், நோன்புக் கஞ்சிக்கு அரிசி கேட்டால் கூடுதலாக ஒரு படி அளப்பவர், மூட்டையில் வண்டு இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்பவர். அந்த நேசத்தைக் கொண்டுபோய், நாம் யாரென்றே அறியாத ஒரு சில்லு நிறுவனத்தின் மேல் வைத்தால் அது திரும்பி வராது. அவர்களுடைய நல்ல பெயரும் கெட்ட பெயரும் அந்தந்த வருடத்து மாடலோடு சரி.

"ஏஎம்டி சூடாகும்" என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000-ஐ ஒட்டிய அத்லான் காலத்தில் அதில் உண்மை இருந்தது. விசிறி கழன்றால் சில்லு கருகிப் போகும். ஆனால் 2004-ல் வந்த பென்டியம் 4-களும் அடுப்புதான். இன்று நாங்கள் விலை பார்த்த இரண்டில் இன்டெல் ஐ3-12100-க்கு அடிப்படை மின் அளவு 60 வாட், ரைசன் 5 5600ஜி-க்கு 65 வாட். ஐந்து வாட்டுக்கா இவ்வளவு சண்டை? தாம்பரத்து மே மாதத்தில் பெட்டிக்குள் தூசி அடைத்திருந்தால் எந்தக் கம்பெனியும் சூடாகும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திறந்து ஊதி விடுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம்: முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து வீடுகளில் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2015 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள்.

இப்போது எங்கள் கொள்முதலுக்கு வருகிறோம். பன்னிரண்டு இருக்கைகள். முதலில் கம்பெனிப் பெயரை ஒதுக்கிவிட்டு, அங்கே உட்காரப் போகும் பிள்ளைகள் என்ன செய்யப் போகிறார்கள் என்று எழுதினோம். பெரும்பாலோருக்கு டேலி, எக்ஸெல், தமிழ் தட்டச்சு, பைத்தான், இணைய வழித் தேர்வுக்குப் பதிவு. இரண்டு மூன்று பேருக்கு மட்டும் வீடியோ எடிட்டிங், ஆட்டோகேட். பிறகு மூன்று இடங்களில் எழுத்தில் விலை வாங்கினோம்: தாம்பரத்தில் ஒன்று, ரிச்சி தெருவில் இரண்டு. சர்வீஸ் பார்க்கும் தம்பிதான் ரயிலேறிப் போய் வந்தார்.

வந்த விலைச் சீட்டைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். மதர்போர்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த வாரம் ஐ3-12100-தான் மலிவாக வந்தது! "ஏஎம்டின்னாலே மலிவு" என்று மூன்று கூட்டத்தில் வாதாடியவர் அவர். எளியவன் பக்கம் நிற்கிறோம் என்ற எண்ணத்தில் வருவதும் ஒரு பிடிவாதம்தான் என்பதை அவர் வாயாலேயே ஒத்துக்கொண்டார். அதே சமயம், எடிட்டிங்குக்கான இருக்கைகளுக்கு ரைசன் 5 5600ஜி பொருத்தம் என்பதைப் பெரியவர் ஒத்துக்கொண்டார். ஆறு கோர், உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அந்த ஐ3-ல் இருப்பதைவிட நல்ல பலம், தனியாகக் கார்டு வாங்க வேண்டியதில்லை. எனவே பத்து இன்டெல், இரண்டு ஏஎம்டி.

இரண்டு வகை வைத்தால் பழுது பார்ப்பது தலைவலி என்று ஒரு ஆட்சேபம் வந்தது. நியாயமான ஆட்சேபம். மதர்போர்டும் பிராசஸரும் மாற்றிப் போட முடியாதுதான். ஆனால் இரண்டிலும் டிடிஆர்4 ரேம் போடும் மதர்போர்டாகப் பார்த்து எடுத்திருக்கிறோம். ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கழற்றி மாட்டலாம்.

ரேம் விலை எங்களைக் கஷ்டப்படுத்தியது. உலகெங்கும் செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கு நினைவகச் சில்லுகள் போவதால் நாங்கள் விலை கேட்ட நாட்களில் வாராவாரம் ஏறியது. எல்லாவற்றுக்கும் 16 ஜிபி என்று நினைத்திருந்தோம். எடிட்டிங் இருக்கைகள் இரண்டுக்கு மட்டும் 8 வீதம் இரண்டு போட்டோம். மற்ற பத்துக்கும் 8 ஜிபி. இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறது, விலை இறங்கினால் இன்ஷா அல்லாஹ் நிரப்புவோம். ஐ5, ஐ7 என்று மேலே போயிருந்தால் இந்த ரேமுக்கும் பேட்டரி யுபிஎஸ்ஸுக்கும் காசு இருந்திருக்காது.

நிதி பற்றி ஒரு சகோதரர் கேட்டிருந்தார். மையத்துக் கணினிகள் முழுக்க லில்லாஹ், ஸதகா நன்கொடையில் வாங்கியவை. ஜகாத் பணம் ஒரு ரூபாய்கூட அதில் சேரவில்லை. ஜகாத் உரியவர் கையில் உடைமையாகப் போய்ச் சேர வேண்டிய பொருள். பொது மேசையில் வைக்கும் கணினிக்கு அது ஆகாது என்று ஹஜ்ரத் அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். தகுதியுள்ள மாணவருக்குச் சொந்தமாகவே கொடுத்துவிடும் கணினிக்கு மட்டும் ஜகாத் நிதியைத் தொடுகிறோம்.

வீட்டுக்கு வாங்குபவர்களுக்குச் சில சொற்கள். கடைக்காரர் ஐ5 என்றால் முழு எண்ணையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். நாங்கள் முன்பு ஏமாந்த ஐ5-2400-ஐவிட இப்போது வாங்கிய ஐ3-12100 இரண்டு மடங்குக்கும் மேல் வேகமாக வேலை செய்கிறது. 12100-ல் முன்னால் உள்ள 12 பன்னிரண்டாம் தலைமுறை. ரைசன் 5 5600ஜி என்றால் நடுவில் உள்ள 5 ரகம், 5600 என்பது வரிசை. கடைசி எழுத்தையும் பாருங்கள். இன்டெலில் எண்ணுக்குப் பின் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியின் 5000 வரிசை வரை ஜி இருந்தால்தான் பெரும்பாலும் கிராபிக்ஸ் உண்டு. நம் மஹல்லாவில் ஒரு பிள்ளை விலை குறைவு என்று எஃப் வாங்கி வந்து, திரையில் ஒன்றும் வராமல் இரண்டு நாள் அழுதிருக்கிறது. பிறகு கார்டு வாங்கியதில் மிச்சம் பிடித்ததும் போயிற்று.

பிராசஸரைப் பெட்டியோடு கேளுங்கள். கம்பெனிப் பெட்டியில் வருவதற்கு இரண்டு நிறுவனங்களுமே வழக்கமாக மூன்று வருட வாரண்டி தருகின்றன. "ட்ரே பீஸ்" என்று தனியாகக் கொடுப்பதற்குக் கம்பெனி வாரண்டி நேரடியாகக் கிடைக்காது, கடைக்காரர் வாக்குத்தான். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். பிற்பாடு பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் மதர்போர்டின் சாக்கெட்டையும் விசாரியுங்கள். ஏஎம்டி தன் ஏஎம்4 சாக்கெட்டைப் பல வருடம் மாற்றாமல் வைத்திருந்தது. இன்டெல் அடிக்கடி மாற்றும். பி.காம் பிள்ளைக்கு இது பெரிய விஷயம் இல்லை. பொறியியல் படிக்கும் பிள்ளைக்கு இருக்கலாம்.

மாதத் தவணை என்று கடையில் யாராவது சொன்னால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எங்களிடம் ஒரு முறை வாருங்கள். அழகிய கடன் நிதியில் இந்த ஆண்டு கல்விக் கணினிக்கென்று ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் மஃரிப் வரை அந்தத் தம்பியும் பெரியவரும் அலுவலகத்தில் சேர்ந்தே உட்கார்ந்திருப்பார்கள். கடையில் வாங்கிய விலைச் சீட்டையும், பிள்ளை என்ன படிக்கிறது என்ற விவரத்தையும் கொண்டு வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள்.

மையம் வரும் திங்கள் முதல் திறந்திருக்கும். பெண் பிள்ளைகளுக்கு மாலை நான்கு முதல் ஆறு, ஆண் பிள்ளைகளுக்கு இஷாவுக்குப் பின் ஒன்பதரை வரை. பெயர்ப் பதிவு இப்போதே வாசலில் நடக்கிறது.

வஸ்ஸலாம்.